மஞ்சள் அட்டைக்கு முன்பே தொடங்கும் வேலை

கடந்த ஆண்டு நடுவர் தேர்வில் தேறி, மாவட்ட லீக் கால்பந்து ஆட்டங்களில் விசிலோடு இறங்கத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு மஞ்சள் அட்டை காட்டியும் வீரர்கள் அடங்குவதில்லை, வசவும் வாக்குவாதமும் கைகலப்பில் போய் முடிகின்றன, அதே அணிகளின் ஆட்டத்தை ஒரு மூத்த நடுவர் நடத்தும்போது ஒன்றிரண்டு அட்டைகளிலேயே எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது, அப்படியென்றால் அனுபவம் வர வர நடுவர்கள் விட்டுக்கொடுக்கப் பழகிவிடுகிறார்களா? ஆட்டம் முடிந்த பிறகும் பின்னாலேயே வந்து கத்துபவர்களை என்ன செய்வது என்றும் அவர் கேட்கிறார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளி, கல்லூரி, மாவட்ட அளவிலான ஆட்டங்களை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல நடுவர் எவரும் அனுபவத்தினால் விட்டுக்கொடுக்கக் கற்பதில்லை. அவர் தலையிடும் நேரம் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். புதியவர் தவறு நடந்து முடிந்த பிறகு அட்டையோடு வருகிறார். மூத்தவரோ அந்தத் தவறு ஒருவரின் மனத்தில் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அருகில் போய் நின்றுவிடுகிறார். மைதானத்துக்கு வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு முதலாமவர் கண்டிப்பானவராகவும் இரண்டாமவர் தாராளமானவராகவும் தெரிவது இதனால்தான்.

அட்டை எதற்காக வந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில், வெம்பிளி மைதானத்தில், அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டினை மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. ராட்டின் போக மறுத்தார். ஆட்டம் நெடுநேரம் நின்றது. அன்று உலகக் கோப்பை நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் இங்கிலாந்தின் கென் ஆஸ்டன். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1962இல், சாண்டியாகோவில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டத்தை நடத்தி, வெளியேற்றப்பட்ட இத்தாலி வீரரைக் காவலர்கள் வந்து இழுத்துச் செல்லும் நிலையைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். காரில் போகும்போது லண்டன் போக்குவரத்து விளக்கைப் பார்த்து அவருக்குத் தோன்றியதுதான் எச்சரிக்க மஞ்சளும் வெளியேற்றச் சிவப்பும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. ஆக, மொழி தெரியாத வீரருக்கும், எதிரணிக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளருக்கும் நடுவர் எடுத்த முடிவைத் தெரிவிக்கும் சைகையாகத்தான் அட்டை பிறந்தது. அதற்கு அறிவிக்கத் தெரியும். ஆத்திரத்தைத் தணிக்கத் தெரியாது. தணிப்பது நடுவரின் காலும் குரலும் பார்வையும் செய்ய வேண்டிய வேலை. புதிய நடுவர்கள் அட்டையை மருந்தாக நம்புகிறார்கள், ஆறாவது அட்டையிலும் காய்ச்சல் இறங்கவில்லையே என்று திகைக்கிறார்கள்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நான் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்த ஒரு லீக் ஆட்டத்தில், நான்காவது நிமிடத்தில், எனக்கு நேர் எதிரே டச் லைனை ஒட்டி ஒரு டிஃபெண்டர் பின்னாலிருந்து காலைத் தட்டி விங்கரை வீழ்த்தினார். மஞ்சள் அட்டைக்கு ஓரளவு குறைவான ஃபவுல். நடுவராக இருந்த மூத்தவர் விசிலை வழக்கத்தைவிட நீட்டி ஊதினார்; முப்பது அடி தூரத்தை நடக்காமல் ஓடியே கடந்தார்; விழுந்தவர் எழுந்து திரும்புவதற்குள் இருவருக்கும் இடையில் வந்துவிட்டார். தவறு செய்தவரிடம் அவர் பேசவில்லை. விழுந்தவரிடம் குனிந்து, "பார்த்துட்டேன் தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு பந்து எடுத்து வரப்படும் இடைவெளியில் அந்த டிஃபெண்டரின் பக்கவாட்டில் நடந்தபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், "அடுத்தது எழுதிடுவேன்" என்று மட்டும் சொன்னார். இவ்வளவும் பத்து வினாடிக்குள் முடிந்தது. பழிவாங்கும் எண்ணம் முளைப்பது அடிபட்டவரின் மனத்தில் என்பதையும், அநீதியை நடுவர் கண்டுகொண்டார் என்று தெரிந்துவிட்டால் அந்த எண்ணத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும் என்பதையும் அன்றுதான் நான் புரிந்துகொண்டேன். எனக்கு அப்போது விசில் பிடித்து மூன்றாவது ஆண்டு. அதுவரை தவறு செய்தவரைத் துரத்திப் பிடிப்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது.

ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களில் நடுவர்கள் அட்டையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது வெறும் அபிப்பிராயமல்ல. ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகா ஆட்டங்களை ஆராய்ந்து 2008இல் உன்கல்பாக், மெம்மெர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, ஆட்டத் தொடக்கத்தில் காட்டப்படும் மஞ்சள் அட்டைகள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு என்று காட்டியது. ஆட்டம் எந்தச் சூட்டில் போகும் என்று தெரியாத நிலையில் அளவுகோலை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், பிறகு அதே அளவில் எல்லாவற்றுக்கும் காட்ட வேண்டிவரும் என்பதே அதற்கு அவர்கள் தரும் விளக்கம். இது பாதி உண்மை என்பது என் கருத்து. மெல்லிய ஃபவுல்களுக்கு இந்தக் காத்திருப்பு சரி. ஆனால் கடுமையான ஃபவுலுக்குக் கடிகாரம் கிடையாது. 2006 உலகக் கோப்பையில் நியூரம்பெர்க்கில் போர்ச்சுகலும் நெதர்லாந்தும் மோதிய ஆட்டத்தில், ஏழாவது நிமிடத்தில் நெதர்லாந்தின் காலித் பூலாரூஸ் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் தொடையில் பூட்ஸால் இடித்தார். ரஷ்ய நடுவர் வாலன்டின் இவானோவ் மஞ்சள் அட்டையோடு நிறுத்திக்கொண்டார். ரொனால்டோ இடைவேளைக்கு முன்பே காயத்தோடு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு அந்த ஆட்டத்தை எவராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை: மொத்தம் 16 மஞ்சள் அட்டைகள், 4 சிவப்பு அட்டைகள். இவானோவ் அனுபவம் இல்லாதவர் அல்லர். நான்கு ஆண்டுகள் கழித்து ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங் ஸ்பெயினின் ஸாபி அலோன்சோவின் மார்பில் உதைத்தபோது, இங்கிலாந்து நடுவர் ஹவர்ட் வெப்பும் மஞ்சள் அட்டைதான் காட்டினார். பார்வை மறைக்கப்பட்டிருந்தது என்றும், அது சிவப்பு அட்டைக்குரியது என்றும் அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். உலகின் மிகச் சிறந்த நடுவர்களுக்கும் நேர்வதுதான் இது என்று அறிந்திருப்பது நமக்குப் பணிவைத் தரும்.

அடுத்து, உங்களை அதிகம் வாட்டுவதாகத் தெரியும் எதிர்ப்புப் பேச்சு. கால்பந்து விதிகளில் 12ஆம் விதி, சொல்லாலோ செயலாலோ நடுவரின் முடிவை எதிர்ப்பது மஞ்சள் அட்டைக்குரியது என்கிறது. இழிவான, புண்படுத்தும், வசைமொழி சிவப்பு அட்டைக்குரியது என்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலும், முதலாவதற்குக் கீழேயும் கிடக்கும் பரந்த வெளியைத்தான் நடுவரின் அனுபவம் நிரப்ப வேண்டியிருக்கிறது. "என்ன சார் இது!" என்று கையை விரிப்பவரும், "நீ எவ்வளவு வாங்கின?" என்று கேட்பவரும் ஒன்றல்ல. முதலாமவர் ஏமாற்றத்தைக் கொட்டுகிறார், இரண்டே வினாடியில் மறந்துவிடுவார். இரண்டாமவர் உங்கள் நேர்மையைத் தாக்குகிறார். நான் என்னிடமே கேட்டுக்கொள்ளப் பழகிய கேள்விகள் மூன்று: இது எல்லோரும் பார்க்கும்படி செய்யப்பட்டதா, என்னை நோக்கிச் சொல்லப்பட்டதா, மற்றவர்களைத் தூண்டிவிடும் வகையிலானதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அட்டை தாமதிக்கக் கூடாது. மூன்றுக்கும் இல்லை என்றால் ஒரு பார்வை போதும்.

இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலையை இன்னும் மறக்கவில்லை. இரண்டாம் ஆண்டில், பள்ளிகளுக்கு இடையிலான ஓர் இறுதி ஆட்டத்தில், ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியிருந்த ஒரு மாணவன் காலியாகக் கிடந்த கோலைத் தவறவிட்டு, போஸ்ட்டை உதைத்து, உரக்க ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். முந்தைய நிமிடத்தில் அவனுக்கு எதிராக ஆஃப்சைடு கொடுத்திருந்ததால் அது எனக்கான வசவு என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது மஞ்சளும் சிவப்பும் காட்டி அனுப்பிவிட்டேன். அவன் வாதாடவே இல்லை. ஜெர்சியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதபடி நடந்தான். அவன் திட்டியது தன்னைத்தான் என்பது அரை மைதானத்துக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. மீதி ஆட்டம் முழுவதும் அவனுடைய அணி என்னோடுதான் மோதிக்கொண்டிருந்தது, எதிரணியோடு அல்ல. பொருந்தாத அட்டை ஒருவரைத் தண்டிப்பதோடு நிற்பதில்லை. மற்ற இருபத்தொரு பேருக்கும் நம்மேல் இருக்கும் நம்பிக்கையைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இங்கிலாந்தில் பயிற்சி நடுவர்களுக்குப் படிப்படியான அணுகுமுறை ஒன்றைக் கற்றுத் தருகிறார்கள். முதலில் ஓடிக்கொண்டே தனியாக ஒரு சொல். அடுத்து ஆட்டத்தை நிறுத்தி எல்லோரும் பார்க்கக் கேப்டனையும் அழைத்து ஓர் எச்சரிக்கை. அதற்கும் பிறகு அட்டை. இதில் இரண்டாவது படிதான் மிகுந்த பலனுள்ளது, புதியவர்கள் அடிக்கடி தாண்டிவிடுவதும் அதைத்தான். கேப்டனை அழைத்து நிறுத்தும்போது, "இனி இவரை அடக்குவது உங்கள் பொறுப்பும்தான்" என்று இருவருக்கும் சேர்த்து ஒரு சுமையை மாற்றுகிறீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும் இரு பெஞ்சுகளுக்கும் அடுத்து அட்டை வந்தால் அது திடீரென்று வந்ததல்ல என்பது புரிந்துவிடுகிறது. 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் விளக்கம் கேட்டு வரலாம், மற்றவர்கள் சூழ்ந்துகொண்டால் மஞ்சள் அட்டை என்ற நடைமுறை கடைப்பிடிக்கப்பட்டதும் இந்த எண்ணத்தில்தான். அதற்கு முன்பே, 2019இல், இங்கிலாந்தின் அடிமட்ட லீக்குகளில் எதிர்ப்புப் பேச்சுக்குப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கும் தண்டனை வந்தது. 31 லீக்குகளில் அதைச் சோதித்துப் பார்த்தபோது எதிர்ப்புப் பேச்சு 38 விழுக்காடு குறைந்ததாக அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. அடுத்த வாரம் வரும் அபராதத்தைவிட, இப்போதே அணி ஓர் ஆள் குறைவாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீரருக்கு நன்றாக உறைக்கிறது.

பெஞ்சில் இருந்து கத்தும் பயிற்சியாளர்களுக்கும் இதே முறைதான்: முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு எச்சரியுங்கள், பிறகு அனுப்புங்கள். 2019–20 பருவத்திலிருந்து அவர்களுக்கும் அட்டை காட்ட விதி இடம் தருகிறது, தயங்க வேண்டியதில்லை.

நின்று பேசும் விதத்திலும் அனுபவம் தெரியும். மூத்த நடுவர் கோபமாக இருக்கும் வீரரின் மூக்குக்கு நேரே போய் நிற்க மாட்டார். கை நீட்டினால் எட்டாத தூரத்தில், சற்றே பக்கவாட்டில் நிற்பார். அட்டையை முகத்தின் மேல் வீசாமல் நேராக மேலே உயர்த்துவார். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டால் அவர்களுக்குள் நுழையாமல் இரண்டடி பின்வாங்கி, உள்ளங்கையைக் காட்டி நிறுத்தி, தேவையான ஒருவரை மட்டும் தன்னிடம் வரவழைப்பார். பெயர் எழுதும்போது தலையைக் குனியாமல், நோட்டை மார்பளவுக்கு உயர்த்திப் பிடித்து, அதன் மேல்விளிம்புக்கு மேலாக வீரர்களைப் பார்த்துக்கொண்டே எழுதுவார். நாம் குனிந்து எழுதும் அந்த மூன்று வினாடியில்தான் எவனோ எவனையோ முழங்கையால் குத்துகிறான். மஞ்சள் அட்டை மேல் பையிலும் சிவப்பு அட்டை பின் பையிலும் இருக்கும், பரபரப்பில் கை தவறிப் போகாது.

எழுதுவதைப் பற்றிச் சொல்லும்போது இங்கிலாந்து நடுவர் கிரஹாம் போலின் அனுபவத்தைத் தவிர்க்க முடியாது. 2006 உலகக் கோப்பையில் ஸ்டுட்கார்ட்டில் குரோவேஷியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆட்டத்தில், குரோவேஷியாவின் 3ஆம் எண் வீரர் யோசிப் ஷிமுனிச்சுக்குக் காட்டிய மஞ்சளை ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண் வீரர் பெயரில் போல் குறித்துவிட்டார். ஷிமுனிச் கான்பெராவில் பிறந்து வளர்ந்து ஆஸ்திரேலியர் போலவே ஆங்கிலம் பேசுபவர். விளைவாக, இரண்டாவது மஞ்சளிலேயே வெளியேறியிருக்க வேண்டிய ஷிமுனிச் மூன்றாவது மஞ்சளுக்குப் பிறகே வெளியேறினார். இறுதி ஆட்டத்தை நடத்தக்கூடியவர்களில் ஒருவராகக் கருதப்பட்ட போல், அதன் பிறகு பன்னாட்டுத் தொடர்களிலிருந்து விலகிக்கொண்டார். எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் சட்டை எண்ணையும் அணி நிறத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்.

இவ்வளவு நேரம் படிகளைப் பற்றிச் சொன்னேன். படியே இல்லாத இடங்களும் உண்டு, அங்கே மூத்த நடுவர்கள் உங்களைவிடக் கடுமையானவர்கள். எச்சில் துப்புவது, கடிப்பது, பந்தில்லாத இடத்தில் அடிப்பது, நடுவரை வேண்டுமென்றே தள்ளுவது ஆகியவற்றுக்கெல்லாம் தனிச்சொல்லும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. 1998இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கிளப் வீரர் பாவ்லோ டி கானியோ, தன்னை வெளியேற்றிய நடுவர் பால் ஆல்காக்கைத் தள்ளிக் கீழே விழச் செய்தார். 11 ஆட்டத் தடையும் 10,000 பவுண்டு அபராதமும் அவருக்குக் கிடைத்தன. 2023 டிசம்பரில் துருக்கியின் முதல்நிலை லீக்கில் ஒரு கிளப்பின் தலைவரே மைதானத்துக்குள் புகுந்து நடுவர் ஹலில் உமுத் மெலரின் முகத்தில் குத்தியபோது, நாட்டின் லீக் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தி வைக்கப்பட்டன. நம் மைதானங்களுக்கு இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஒருவரின் சாதியைச் சொல்லித் திட்டுவது, தாயை இழுத்துப் பேசுவது, நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்துவது ஆகியவற்றை ‘ஆட்டச் சூட்டில் வருவது’ என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது பிழை. அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில், அது யாரை நோக்கி வந்தாலும், எந்த அணியின் நட்சத்திர வீரர் வாயிலிருந்து வந்தாலும், சிவப்பு அட்டைதான். திட்டு வாங்கியவன் நடுவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறான். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றால், அவன் அடுத்த முறை தன் கையால்தான் நியாயம் தேடுவான்.

அனுபவத்தைப் பற்றிக் கேட்டதால் அதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2002இல் இங்கிலாந்தில் ஆலன் நெவிலும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல்களைப் படமாகக் காட்டினார்கள். ஒரு பிரிவினருக்குப் பார்வையாளர் இரைச்சலோடு, மற்றவர்களுக்கு ஓசையில்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். அனுபவம் கூடக் கூட, உள்ளூர் அணிக்கு எதிராக ஊதும் துணிவு ஏறத்தாழ 16 ஆண்டுகள் வரை வளர்ந்து, அதன் பிறகு சரியத் தொடங்கியது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பதினெட்டாவது ஆண்டு. அந்த வாரமே என் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பெயர் பெற்ற வீரர்களிடமும், நீண்ட நாள் பழகிய பயிற்சியாளர்களிடமும் நான் எச்சரிக்கையோடு நின்றுவிடுவது கூடிக்கொண்டே வந்திருந்தது. பரிச்சயத்தை நான் பக்குவம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்து வியக்கும் மூத்தவரிடமும் இது இருக்கக்கூடும். அவர் அட்டை காட்டாத ஒவ்வொரு இடத்திலும், அவர் வேறு எதையாவது செய்தாரா, அல்லது ஒன்றுமே செய்யவில்லையா என்று கவனியுங்கள். ஓடிப்போய் இடையில் நின்றிருந்தால், கேப்டனை அழைத்திருந்தால், அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், அதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடைசி விசிலுக்குப் பிறகும் நீங்கள் நடுவர்தான். மைதானத்தை விட்டு வெளியேறும் வரை அட்டை காட்டும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது, அதற்குப் பிறகு நடப்பதை அறிக்கையில் எழுதும் கடமையும் இருக்கிறது. விசில் ஊதியதும் நேராக வெளியே நடக்காதீர்கள். நடு வட்டத்துக்கு அருகில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு நில்லுங்கள், துணை நடுவர்கள் இருவரும் வந்து சேரட்டும், வீரர்கள் கலைந்து போகட்டும். கத்திக்கொண்டு வருபவருக்கு அந்த நேரத்தில் எந்த முடிவையும் விளக்காதீர்கள். "எழுத்தில் கொடுங்கள், சங்கம் பார்க்கும்" என்ற ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் இரண்டு முறை சொன்னால் போதும். மூன்றாவது முறையும் அவர் தொடர்ந்தால், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையை அன்றிரவே எழுதிவிடுங்கள். ‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று எழுதினால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வீரர் "அப்படி எதுவும் சொல்லவில்லை" என்பார், கோப்பு மூடப்படும். எந்த நிமிடம், எந்த எண், எவ்வளவு தூரத்திலிருந்து, யாரை நோக்கி, என்ன சொன்னார் என்பதை, அந்தச் சொல் எவ்வளவு அசிங்கமானதாக இருந்தாலும், எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும். முதல் முறை அப்படி எழுத எனக்குக் கை கூசியது. வீட்டில் எவரும் பார்க்காதபடி தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிறகு எடுத்து முடித்தேன். அந்த வீரருக்கு நான்கு ஆட்டத் தடை கிடைத்தது. திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் அவர் என்னிடம் பேசிய ஒரே சொல் "சார்".